கால்வாயில் வலை போட்டால் மீன் பிழைக்குமா?

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். மூன்று வாரம் துளி மழையில்லை. பிறகு ஒரு மாலை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை அவர்களுடைய அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. பள்ளியில் பிள்ளைகள், "மழைத்தண்ணி சுத்தம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று மடக்கிவிட்டார்கள். இந்தச் சமயம் பார்த்துக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு விற்பனையாளர் வந்து, கால்வாய் வாயில் மாட்டும் வலைப்பை வடிகட்டியைக் காட்டி, "இதைப் போட்டா தண்ணி கண்ணாடி மாதிரி போகும்" என்றாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

டீச்சர், குப்பையைப் பிடிக்க என்றால் வாங்குங்கள். மிதக்கும் போத்தலும் தாப்பாவ் சாப்பாட்டுப் பொட்டலமும் அதில் மாட்டும், நல்லதுதான். மீனைக் காப்பாற்ற என்றால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், வேறு செலவு இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி போவதற்கும் மீன் பிழைப்பதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பிள்ளைகளிடம் சொன்னது தப்பில்லை. மழைத்தண்ணீர் சுத்தம்தான், தரையைத் தொடும் வரைக்கும். தகரக் கூரையில் விழுந்து, கார் நிறுத்துமிடத்தில் ஓடி, சாலையைக் கழுவி, கடைவரிசைக்குப் பின்னாலிருக்கும் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், இறங்கும்போது அதை மழைத்தண்ணீர் என்று சொல்வதே பெயருக்குத்தான். நான் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். மேகம் கறுத்தால் மற்றவர்கள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துக்கு அடியில் ஓடுவோம். பாலத்தின் வடிகுழாயிலிருந்து முதல் ஐந்து நிமிடம் விழும் தண்ணீர் பாலில்லாத கோப்பி-ஓ நிறத்தில் இருக்கும். மேலே வானவில் படலம். வாளியை ஒரு ஓரமாகச் சாய்த்தால் அடியில் கறுப்பாக, நுனி சுருண்ட துணுக்குகள் தங்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் கரையாது. அழிரப்பர் தூள் மாதிரி உருளும். அது டயர்.

அரை மணி கழித்து அதே குழாயில் பிடித்த வாளி பார்வைக்குப் பச்சைத்தண்ணீர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் இரண்டாவது வாளியைச் சோதிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். அதை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிப்போம். தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய துளை அது. அதற்குள்ளும் புகுந்து வெளியே வந்ததைத்தான் 'கரைந்தது' என்று கணக்கு வைப்பது வழக்கம். வடிந்த தண்ணீர் பளிச்சென்று இருக்கும். அதில் செம்பும் இருக்கும், துத்தநாகமும் இருக்கும். இவ்வளவு நுண்ணிய தாளே விட்டுவிட்டதை, விற்பனையாளரின் வலை எப்படிப் பிடிக்கும்?

இவை எங்கிருந்து வருகின்றன என்றால், செம்பில் பெரும்பங்கு பிரேக் கட்டையிலிருந்து. ஒவ்வொரு முறை சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் கொஞ்சம் தேய்ந்து சாலையில் படிகிறது. துத்தநாகம் இரண்டு வழியில் வருகிறது. டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். டயரின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு அது இருக்கும். இன்னொன்று துத்தநாகம் பூசிய நம் தகரக் கூரை. வண்ணம் பூசாத பழைய கூரையிலிருந்து வழியும் தண்ணீரில் துத்தநாகம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருப்பது சாதாரணம். இவற்றோடு எரிந்தும் எரியாமலும் புகையாகவும் ஒழுக்காகவும் வந்த எண்ணெய்ப் பொருள்கள். மீன் முட்டைக்குள் வளரும் குஞ்சின் இதயத்தை உருத் தவறச் செய்வது இந்த வகைதான்.

'மில்லிகிராம்தானே' என்று தோன்றும். இங்கேதான் மனித அளவுகோல் நம்மை ஏமாற்றுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது 2000 மைக்ரோகிராம். நன்னீரில் வாழும் உயிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இனங்களைக் காக்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழிகாட்டி வைத்த செம்பின் அளவு 1.4 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். துத்தநாகத்துக்கு அதே வழிகாட்டி சொன்னது 8 மைக்ரோகிராம். நாம் தாராளமாகக் குடிக்கலாம் என்கிற தண்ணீரிலேயே ஆற்றுப்பூச்சி செத்துப்போகலாம். பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், போதும்.

காரணம் எளிது. நாம் தண்ணீரைக் குடலால் வாங்கிக் கல்லீரலால் வடிக்கிறோம். மீன் தண்ணீரில் மூச்சு விடுகிறது. காகிதத்தைவிட மெல்லிய செவுள் இழைகளை நாள் முழுக்க அந்தத் தண்ணீர் தடவிக்கொண்டே போகிறது. உடம்புக்குத் தேவையான சோடியத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் செவுள் வழியாகத்தான் மீன் தண்ணீரிலிருந்து உறிஞ்சுகிறது. செம்பு வந்து சோடியத்தின் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது, துத்தநாகம் சுண்ணாம்பின் வாசலில். உடம்பிலுள்ள உப்பு வெளியே கசிகிறது, உள்ளே வருவதில்லை. சாகாத அளவில் இருந்தாலும் செம்பு மீனின் மோப்பத்தைக் கெடுக்கும்; எதிரி வருவது தெரியாமல் நிற்கும்.

பினாங்குக்கு இதில் ஒரு தனிப்பட்ட சங்கடம். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது செவுளில் உலோகத்தோடு போட்டி போட்டு மீனை ஓரளவு காக்கும். நம் மலை கருங்கல் மலை. அதிலிருந்து இறங்குவது மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், கெட்டிலில் வெள்ளைப் படிவு வராது, நமக்குச் சௌகரியம். மீனுக்கு அது கவசமில்லாத தண்ணீர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் போகும்போது பூங்காவிலிருந்து வரும் ஆயர் தெர்ஜுன் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள், கல் தெரிய ஓடும். அதே தண்ணீர்தான் கீழே போய் ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து பினாங்கு ஆறாகி, ஊரின் அத்தனை லோங்காங்கையும் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. சில கிலோமீட்டர்தான் தூரம்.

உங்கள் மீன்களுக்கு வருகிறேன். அவை திலாப்பியா என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் தெரிகிறது. திலாப்பியா லேசில் சாகிற சாதி இல்லை. அதுவே செத்தது என்றால், என் முதல் சந்தேகம் உலோகத்தின் மேல் போகாது, உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவின் மேல்தான் போகும். மூன்று வாரம் மழையில்லாதபோது கால்வாய் அடியில் கறுப்புச் சேறு படிந்து அழுகிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக் கடைக் கழிவும் அதில் சேரும். திடீர் வெள்ளம் அதைக் கிளறி ஒரேயடியாக ஆற்றில் தள்ளும்போது, கிருமிகள் தண்ணீரிலிருக்கும் உயிர்வளியைத் தின்று தீர்த்துவிடும். நம் வெப்பத்தில் தண்ணீர் தாங்குகிற உயிர்வளியே கொஞ்சம்: 30 பாகையில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம். 10 பாகைக் குளிர்நாட்டு ஆற்றில் 11க்கு மேல் நிற்கும். நாம் தொடங்குவதே குறைந்த இருப்போடுதான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மூச்சு முட்டிச் செத்த மீன் வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து கிடக்கும். சாவதற்கு முன் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள் முதலில் போகும். நஞ்சு என்றால் பெரும்பாலும் குஞ்சுகளும் சிறியவையும் முன்னால் போகும், நேரம் காலம் பார்க்காது, சாகும் முன் மீன் சுழன்று சுழன்று நீந்தும், சில சமயம் ஓர் இனம் மட்டும் சாகும், பக்கத்து இனம் சும்மா இருக்கும். இவை திட்டவட்டமான விதி இல்லை, துப்பு.

ஓர் இனம் மட்டும் சாவது பற்றி ஒரு பெரிய கதையே இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டல் நகரத்து ஓடைகளில் கோஹோ என்கிற சால்மன் மீன் முட்டையிடக் கடலிலிருந்து திரும்பி வரும். மழை பெய்தால், வயிற்றில் முட்டையோடு, சில மணி நேரத்தில் செத்துப்போகும். அதே ஓடையில் இன்னொரு சால்மன் வகைக்கு ஒன்றும் ஆகாது. உலோகம், எண்ணெய் என்று நமக்குத் தெரிந்ததையெல்லாம் கலந்து ஒரு போலிச் சாலைநீர் செய்து அதில் கோஹோவை விட்டுப் பார்த்தார்கள். சாகவில்லை. உண்மையான நெடுஞ்சாலைத் தண்ணீரில் விட்டால் ஒரு நாளைக்குள் செத்தது. அப்படியென்றால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று.

டயர்த் துகளை ஊறவைத்த தண்ணீரைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மீனை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு பொருள் கையில் சிக்கியது. ஆனால் அதன் அணுக்கணக்கு டயரில் சேர்க்கும் எந்த ரசாயனத்தோடும் ஒத்துப்போகவில்லை. பிறகுதான் பிடி கிடைத்தது: டயரில் சேர்ப்பது அது இல்லை, டயரில் சேர்த்த பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறியதுதான் அது. ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது ரப்பருக்கு முன்னால் நின்று ஓசோனைத் தான் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் 6பிபிடி-குவினோன் ஆகிவிடுகிறது. 2020 டிசம்பரில் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. பிறகு திருத்தமாக அளந்தபோது, கோஹோ குஞ்சுகளில் பாதி சாக லிட்டருக்கு 95 நானோகிராம் போதும் என்று வந்தது. ஒலிம்பிக் நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். அதில் கால் கிராம் போட்டால் அந்த அளவு வந்துவிடும். சமையலில் நாம் இரண்டு விரலால் கிள்ளிப் போடும் உப்பு அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

என் தாத்தா கெடாவில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். நம்மில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி அப்படித்தான். அந்தப் பால் டயராகி, டயர் தூளாகி, தூள் ஆற்றுக்கு வருவதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்யும். அது கிடக்கட்டும். நம் ஆறுகளில் கோஹோ கிடையாது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனுக்கு 6பிபிடி-குவினோன் அந்த அளவில் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே உங்கள் திலாப்பியாவை டயர்தான் கொன்றது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: சோதிக்க வேண்டியவை என்று நாம் போட்டுவைத்த பட்டியலில் இருப்பதை மட்டும் அளந்துகொண்டிருந்தால், பட்டியலில் இல்லாத ஒன்றால் மீன் செத்துக்கொண்டே இருக்கும்.

நம் பட்டியல் என்ன? சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்குப் போடும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு விஷயங்கள்: கரைந்த உயிர்வளி, உயிர்வேதி உயிர்வளித் தேவை (கழிவைத் தின்னக் கிருமிகளுக்கு வேண்டிய உயிர்வளி), வேதி உயிர்வளித் தேவை (கழிவை ரசாயனத்தால் சிதைக்க வேண்டிய உயிர்வளி), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், அமில காரநிலை. மலக்கழிவுக்கும் ஆலைக்கழிவுக்கும் நல்ல அளவுகோல். செம்பு, துத்தநாகம், டயர் எதுவும் அந்தக் குறியீட்டுக் கணக்கில் இல்லை. உலோகங்களைத் தனியாக அளப்பது உண்டு, ஆனால் பத்திரிகையில் 'ஆறு தேறிவிட்டது' என்று வரும் செய்தி இந்த ஆறு எண்களை வைத்துத்தான். சுத்தமான ஆறு என்று அதை வாசித்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

'மீன் இருக்கிறதே' என்பதும் சான்று ஆகாது. கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமேக் பக்கம், கோம்பாக்கும் கிளாங்கும் சேரும் இடத்தில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் மீன் தெரியும். கறுப்பாக, சப்பை மூக்கோடு கிடக்கும் ஈக்கான் பண்டாராயா. தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக்காக வந்து ஆற்றில் விடப்பட்ட சாதி. தண்ணீரில் உயிர்வளி இல்லையென்றால் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். கெலியும் விராலும் பனையேறியும் அப்படித்தான். எது இருக்கிறது என்று பார்ப்பதைவிட எது இல்லை என்று பாருங்கள். தண்ணீர்மலை மேலே ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் மே ஈ என்ற பூச்சியின் குஞ்சுகள் வால் விரித்து ஓடும். கீழே ஜெலுத்தோங் பக்கம் சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழு மட்டும் நெளியும். அதன் உடம்பில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருள் இருப்பதால் மூச்சு முட்டும் சேற்றிலும் தாக்குப்பிடிக்கிறது.

இனி வடிகட்டி. சியாட்டல் கதையின் மறுபாதி இதுதான், எனக்கு அதிகம் பிடித்த பாதியும் இதுதான். கோஹோவைக் கொல்வது எந்தப் பொருள் என்று தெரிவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 2015-இல், அதைத் தடுக்கும் வழி தெரிந்துவிட்டது. நெடுஞ்சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த பீப்பாய்கள் வழியாக வடிய விட்டார்கள். மணல் 60 பங்கு, உரம் 40 பங்கு. வடியாத தண்ணீரில் விட்ட சால்மன்கள் அத்தனையும் செத்தன. வடிந்ததில் விட்டவை அத்தனையும் பிழைத்தன. விஷத்தின் பெயர் தெரியாமலே விஷம் முறிந்தது.

வலை தோற்ற இடத்தில் மண் எப்படி ஜெயிக்கிறது? வலை அளவைப் பார்த்து நிறுத்துகிறது. மண் ஒட்டவைத்து நிறுத்துகிறது. மக்கிய இலைதழையில் இருக்கும் கறுப்புப் பொருளுக்கு எதிர்மின் தன்மை. செம்பும் துத்தநாகமும் நேர்மின். செம்பு அதில் வலுவாக ஒட்டும், துத்தநாகம் கொஞ்சம் தளர்வாக. அதனால் பல வருஷம் கழித்து வடிகட்டி நிரம்பும்போது முதலில் நழுவி வருவது துத்தநாகம். எண்ணெய்ப் பொருளும் டயர் ரசாயனமும் தண்ணீரைவிட இந்தக் கறுப்புப் பொருளோடு இருப்பதைத்தான் விரும்பும். அங்கே தங்கிய பிறகு கிருமிகள் மெல்ல மெல்ல எண்ணெயைத் தின்னும். உலோகத்தைத் தின்ன முடியாது, அது மண்ணிலேயே கிடக்கும். இதற்கெல்லாம் வேண்டியது நேரம். தண்ணீர் மண்ணோடு சற்றுப் பேசிக்கொண்டு இறங்க வேண்டும். கால்வாய் வாயில் மாட்டிய பைக்குள் ஒரு நொடியில் பாய்ந்து போகிற தண்ணீருக்கு அந்த நேரம் இல்லை, உள்ளே எந்த உயர்ந்த சரக்கு வைத்திருந்தாலும்.

இன்னொரு விஷயம். கால்வாய் மாநகர் மன்றத்துடையது. அதற்குள் அனுமதியில்லாமல் எதையும் மாட்டக் கூடாது. 2017 நவம்பர் 4 வெள்ள இரவை பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடைத்த கால்வாய்க்கு இந்த ஊரில் மன்னிப்பு கிடையாது. ஆகவே வடிகட்டியைக் கால்வாய்க்கு முன்னால், உங்கள் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில், தாழ்வான பாத்தியாக அமையுங்கள். சங்கத்தின் பணம் போக வேண்டிய இடம் இது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 400 சதுர மீட்டர் கார் நிறுத்துமிடம். 25 மில்லிமீட்டர் மழை, நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் சர்வசாதாரணமாகக் கொட்டும். மொத்தம் 10,000 லிட்டர். பாத்தி அந்த இடத்தின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு, 20 சதுர மீட்டர் என்று வையுங்கள். சாலை மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருந்தால் மேலே 4000 லிட்டர் தேங்கும். 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணற்கலவை போட்டால், அதன் இடுக்குகள் நாலில் ஒரு பங்கு என்று கொண்டாலும் இன்னொரு 3000. மீதி 3000 அந்த ஒரு மணிக்குள் வடிந்து அடியிலுள்ள துளைக்குழாய் வழியே கால்வாய்க்குப் போக, மணல் மணிக்கு 150 மில்லிமீட்டர் விட வேண்டும். கழுவிய ஆற்றுமணல் தாராளமாக விடும். இதற்கு மேல் கொட்டினால் வழிந்து நேரே கால்வாய்க்குப் போக ஒரு வாய் வைத்துவிடுங்கள். போகட்டும். சிறிய கார் நிறுத்துமிடத்தில் அழுக்கின் பெரும்பகுதி முதல் தண்ணீரோடு ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

கலவையில் சியாட்டல்காரர்களை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பேன். நம் வெக்கையில் 40 பங்கு உரம் சீக்கிரம் மக்கி அமுங்கிவிடும். முதல் சில மழைக்கு உரத்திலிருந்தே பாஸ்பரஸும் நைட்ரேட்டும், சில சமயம் கொஞ்சம் செம்பும்கூட வெளியே வரும். கோழி எரு போட்டால் ஆற்றுக்கு நாமே உரம் வைத்த மாதிரி, பாசி பிடிக்கும். நான் போடுவதென்றால் எட்டு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரம், ஒரு பங்கு உப்புப் போக நாலு தண்ணீர் அலசிய தேங்காய் நார்த்தூள். கூடவே கெராங் சிப்பி ஓட்டை நொறுக்கிக் கொஞ்சம் கலப்பேன். சார் குவே தியாவ் நூடல் கடைக்காரர் மூட்டையாகவே கொடுப்பார். ஓடு சுண்ணாம்பு, உலோகத்தைப் பிடிப்பதோடு, வெளியே போகும் மென்னீருக்குக் கொஞ்சம் கவசமும் கொடுத்தனுப்பும்.

மேலே வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் நேராக இறங்கி மண்ணில் வழி திறந்து வைத்திருக்கும். செராய் (எலுமிச்சைப்புல்) நட்டால் யாராவது பிடுங்கிக் கறிக்குப் போடுவார்கள், அது வேண்டாம். கொசு பற்றிக் கட்டாயம் கூட்டத்தில் கேட்பார்கள், டெங்கி பயம் நியாயமானது. ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். பாத்தி ஒழுங்காக இருந்தால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாளும் தண்ணீர் நின்றால் மேல்மண் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மேலே ஐந்து சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போடுங்கள். உலோகத்தில் பெரும்பங்கு அந்த மேல்படிவில்தான் இருக்கும், ஆகவே சுரண்டியதைக் காய்கறித் தோட்டத்தில் கொட்டக் கூடாது. சங்கங்கள் தவறுவது இங்கேதான். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வரும், சுரண்ட ஆள் வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் அழகாகக் கட்டிய பாத்தியை இரண்டாம் வருஷம் சிமெண்டு பூசி மோட்டார் சைக்கிள் நிறுத்தினார்கள். சுரண்டும் பொறுப்பு யாருக்கு என்று முதல் கூட்டத்திலேயே பெயர் எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் யாராவது 'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி' என்றால், நிபோங் திபாலுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் 2003-லிருந்து ஒரு முழு வளாகத்தின் மழைநீரும் இப்படித்தான் போகிறது. பயோஇகோட்ஸ் என்று பெயர். சிமெண்டுக் கால்வாய்க்குப் பதிலாகப் புல் மூடிய ஆழமில்லாத வாய்க்கால். புல்லுக்கு அடியில் மணல். மணலுக்கு நடுவே துளையுள்ள பெட்டிகள். தண்ணீர் மெல்ல ஊர்ந்து குளங்களுக்கும், நாணலும் செடியும் நிறைந்த சதுப்புக்கும் போய்ச் சேர்கிறது. நீர்ப்பாசன வடிகால் துறையின் நகர்ப்புற மழைநீர்க் கையேடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்மாதிரியாக அமைந்த திட்டம் இது. மழை நேரத்தில் போனால்தான் பார்க்க ஏதாவது இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு பெரிய தண்ணீர் போத்தல்களின் அடியை அறுத்துக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றின் வாயில் காலுறைத் துணி மட்டும் கட்டுங்கள், அது விற்பனையாளரின் வலை. இன்னொன்றில் துணிக்கு மேலே கழுவிய மணற்கலவை, ஒரு சாண் உயரம். முந்தின நாளே குழாய்த்தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்து, அந்தத் தண்ணீரை மணற்கலவையில் ஊற்றி இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். குளோரின் பட்டாலும் சோதனை உயிர் செத்துவிடும். பிறகு மழையின் முதல் தண்ணீரைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்து இரண்டிலும் மெதுவாக ஊற்றி, வடிந்ததைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் வையுங்கள். மீன் விட வேண்டாம், பிள்ளைகள் அழுவார்கள், நானும் அழுதிருக்கிறேன். மீன்தொட்டிக் கடையில் குஞ்சுகளுக்குத் தீனியாக விற்கும் மொயினா என்ற சிற்றுயிர் போதும். ஊசிமுனை அளவு, துள்ளித் துள்ளி நீந்தும். குவளைக்குப் பத்து விட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் எத்தனை துள்ளுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். ஒப்பிட, ஓர் இரவு திறந்து வைத்த தண்ணீர் ஒரு குவளையில். பச்சைப்பயற்றை முளைக்க வைத்து வேர் நீளம் அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பயறு முரட்டு ஜாதி, மொயினாவைக் கொல்லும் தண்ணீரிலும் முளைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. மறுபடி மீன் மிதந்தால் அடுத்த நாள் காலைக்காகக் காத்திருக்காதீர்கள். ஆற்றில் ஓடுகிற சாட்சி அது, ஒரு மணியில் கடலுக்குப் போய்விடும். மழையே இல்லாமல் மிதந்தால் யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் சேரும். சுத்தமான கண்ணாடிப் போத்தலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வாய் வரை நிரப்பி மூடி, இடமும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள். செத்த மீனின் வாயும் செவுளும் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுங்கள். அப்புறம் சுற்றுச்சூழல் துறைக்கு அழையுங்கள். அந்த மீனைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள்.